அபி இருந்த சுவர்

தங்கச்சி, தங்கச்சி என்று கூப்பிட்டே என்னைச் சொந்தத் தங்கச்சியாக்கிவிட்ட என் மலரக்கா,

பாங்கொக் போய்விட்டு வந்துவிட்டேன். நல்ல செய்தி கொண்டுவரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. "விஷயத்தைச் சொல்லு பவானி, பிறகு இருந்து அழு" என்பீர்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த சனமெல்லாம் சாப்பிட்டுப் போய்விட்டது. லண்டனில் உங்கள் டூட்டிங் வீட்டின் முன்னறையில், சாமிப்படங்களுக்குக் கீழே, உங்கள் அஸ்தி மட்டும் இன்னும் இருக்கிறது. ஏன் ஊருக்கு, கீரிமலைக் கடலில் கரைக்கக் கொண்டுபோகவில்லை என்று ஆட்கள் கேட்கிறார்கள். உங்கள் புருஷன் செல்வமண்ணை பதில் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் என் கையைப் பிடித்துக் கேட்டது அவருக்கும் எனக்கும் உங்கள் மகன் நிரோஷனுக்கும் மட்டும்தானே தெரியும்?

"அபியைக் கொண்டுவா. அவளோட சேர்த்து என்னைக் கரைச்சு விடுங்கோ."

நிரோஷன் அன்றைக்குத்தான் தனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று கேள்விப்பட்டான். முப்பது வயது கடந்தவன், கட்டிலின் காலடியில் நின்று உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வையை நீங்கள் கண்டீர்களா, அல்லது அதற்குள் கண்ணை மூடிவிட்டீர்களா?

உங்கள் செத்த வீட்டுக்குப் பாங்கொக் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தொண்ணூறுகளில் லண்டன் வருவதற்காக அந்த நகரத்தில் ஏஜென்டை நம்பிக் காத்துக் கிடந்த நம் கூட்டம். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. வழக்கம்போல ஆண்கள் ஒரு மூலையில் கூடினார்கள், வழக்கம்போலப் பேச்சு அங்கேதான் போனது. ஈஸ்ட் ஹாமில் கடை வைத்திருக்கிற குணமண்ணைக்கு வாய் மூடவில்லை. "அப்பத்தைய பாங்கொக் ஒரு சொர்க்கமெல்லே! பஸ் நெரிசலில நிக்கும், நாங்கள் இறங்கிப் போய் நூடில்ஸ் குடிச்சிட்டு வந்து அதே பஸ்ஸில ஏறுவம். இப்ப எல்லாம் போச்சுது. வானத்தில ரெயில் ஓடுதாம், வாய்க்காலையும் மூடிப் போட்டாங்களாம்."

இந்தப் பேச்சு தொடங்கினால் நீங்கள் எழும்பிக் குசினிக்குப் போய் அடுப்படியில் நிற்பீர்கள். இந்த முறை உங்களுக்குப் பதிலாக நான் எழும்பிப் போனேன்.

அவர்களுடைய பாங்கொக் வேறு, அக்கா. ஆண்கள் தெருவில் திரிந்தார்கள். நமக்கு இருந்தது வாய்க்காலுக்கு மேலே நீட்டிக் கட்டிய ஒரு பலகை அறை. கதவைச் சாத்தியே வைத்திருக்க வேண்டும். கீழே படகு போகும்போது அறை முழுக்க நடுங்கும். கறி மணத்தை வைத்து யாராவது பொலிசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று, வீட்டுக்காரி நொய் அம்மா மிளகாய் வறுக்கிற நேரம் பார்த்துத்தான் நாமும் தாளிப்போம். கட்டிடம் முழுவதும் இருமும். அந்த இருமலில் நாம் சத்தமாகச் சிரித்துக்கொள்வோம். சிரிக்க அது ஒன்றுதான் சந்தர்ப்பம். அந்தக் குறுகிய தெருவுக்கு, அந்த ஒழுங்கைக்கு, என்ன பெயர் என்றுகூட நாம் அறிந்ததில்லை. அந்த எழுத்தை யாரால் வாசிக்க முடிந்தது?

அபிக்கு இரண்டு வயது. செல்வமண்ணை ஊரிலிருந்து லண்டனுக்கு வெளிக்கிடும்போது அவள் உங்கள் வயிற்றில்தான் இருந்தாள். அவருக்கு அவளைத் தொலைபேசிச் சத்தமாக மட்டும்தான் தெரியும். அவளுக்குக் காய்ச்சல் கண்டது ஒரு வெள்ளிக்கிழமை. ஏஜென்ட் வாசலில் நின்று சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "ஆஸ்பத்திரியில பாஸ்போர்ட் கேப்பாங்கள் அக்கா. நீங்கள் பிடிபட்டா மற்ற எல்லாரும் சரி. திங்கள் மட்டும் பொறுங்கோ, நான் ஒரு டொக்டரைப் பாக்கிறன்." பொறுத்தோம். நொய் அம்மா கதவை உதைக்காத குறையாகத் திறந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துக்-துக் ஆட்டோவில் ஏறியபோது திங்கள் ஆகவில்லை. ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அங்கே வழக்கம், எரித்த பிறகு எலும்பையும் சாம்பலையும் புத்த விகாரைச் சுவரில் ஒரு சின்னக் குழி செய்து வைத்து மூடுவது. மூடிய இடத்தில் ஆளின் படத்தை ஒட்டுவார்கள். ஊரில் பிக்குகளின் மஞ்சள் அங்கியைக் கண்டால் ஒதுங்கி நடந்தவர்கள் நாம். ஆனால் வேறு எங்கே கொண்டுபோவது? நொய் அம்மா தன்னுடைய குடும்பத்துக்கென்று இருந்த இடத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்தார். படம்தான் இல்லை. அபியின் படம் உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில் இருந்தது. ஏஜென்ட் செய்து வைத்திருந்த பாஸ்போர்ட்டில், உங்கள் மடியில்.

நீங்கள் சவர பிளேடை எடுத்து அவளை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டினீர்கள். ஏஜென்ட் வந்து தலையில் அடித்துக்கொண்டு கத்தினான், கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது. அந்தப் பாஸ்போர்ட் பாழ். அடுத்தது வரும் வரை இன்னும் எவ்வளவு காலம் அந்த அறையில் கிடந்தீர்கள்! நான் உங்களுக்கு முன்னமே லண்டன் வந்துவிட்டேன். அந்த ஒரு வெட்டுக்காக நீங்கள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. வருத்தமெல்லாம் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் பிளேன் ஏறியதற்குத்தான்.

பிறகு ஏன் போகவில்லை? இதைத்தான் நான் உங்களோடு வருஷக்கணக்காகச் சண்டை பிடித்தேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, யார் உங்களை மறிப்பது? நீங்கள் தலையை ஆட்டுவீர்கள். "உனக்குத் தெரியாது பவானி. கம்பியூட்டரில முகம் கிடக்கும். பிடிச்சு உள்ள போட்டா நிரோஷனை ஆர் பாக்கிறது?" நிரோஷன் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அதே பேச்சு. பிறகு அது "வாற வருஷம் பாப்பம்" என்று ஆனது.

யூனிவர்சிட்டி முடித்த கையோடு அவன் நண்பர்களோடு தாய்லாந்துக்கு விடுமுறை போனானே, நினைவிருக்கிறதா? வாசலில் நின்று "பைப் தண்ணி குடிக்காத" என்று மட்டும் சொல்லி அனுப்பினீர்கள். கதவை மூடிவிட்டு எனக்குப் போன் எடுத்து ஒன்றும் பேசாமல் இருந்தீர்கள். உங்கள் மூச்சு மட்டும் கேட்டது. அப்போதாவது அவனிடம் சொல்லியிருக்கலாமே, அக்கா.

சரி. நான் போன கதைக்கு வருகிறேன்.

பாங்கொக் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது, உங்களோடு சண்டை பிடித்த நானே பாஸ்போர்ட்டைத் திறந்து என் பெயரைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். என் முறை வந்தது. மேசையில் இருந்த சின்னப் பெடியன் பாஸ்போர்ட்டைப் புரட்டினான், கமெராவைப் பார்க்கச் சொன்னான், முத்திரையைக் குத்தினான். அவ்வளவுதான். என் முகத்தை அவன் ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை. நகராமல் நின்றேன். அடுத்த ஆளுக்கு வழி விடு என்று கையைக் காட்டினான். வெளியே வந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில். இதற்காகவா நீங்கள் முப்பது வருஷம் பயந்தீர்கள்?

குணமண்ணை சொன்னது உண்மைதான், ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. தலைக்கு மேலே ரெயில் ஓடுகிறது. நம்முடைய வாய்க்கால் மூடப்பட்டு ரோட்டாகிவிட்டது. நம் அறை இருந்திருக்கக்கூடிய இடத்தில் கண்ணாடிக் கட்டிடம், அதில் வெள்ளைக்காரர் நீந்துகிற தடாகம். ஒழுங்கையின் பெயர் தெரியாமல் யாரிடம் என்னத்தைக் கேட்பது? வாய்க்கால் வளைகிற இடத்தில் இருக்கும் விகாரை என்றேன். டக்ஸிக்காரன் சிரித்தான். எந்த வாய்க்கால் என்று கேட்டான்.

பகல் முழுக்க விகாரை விகாரையாக ஏறி இறங்கினேன். கடைசியில் அந்த மரத்தை வைத்துத்தான் பிடித்தேன், நிறம் நிறமாகத் துணி சுற்றியிருக்குமே, அது. அதற்குப் பின்னால்தான் சுவர். ஓடாத குறையாகப் போனேன். மரத்துக்குப் பின்னால் வரிசையாகக் கார்கள் நின்றன.

விகாரை அலுவலகத்தில் இருந்த பெண் நல்ல ஆங்கிலம் பேசினார், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சராம். என்னை இருத்தித் தண்ணீர் தந்து பிறகுதான் சொன்னார். சுவர் வெடித்துச் சாய்ந்ததால் சில வருஷங்களுக்கு முன் இடித்துவிட்டார்களாம். சொந்தக்காரர் வந்து எடுத்துப் போகச் சொல்லி நெடுநாள் அறிவித்தல் போட்டிருந்தார்களாம். வந்தவர்கள் எடுத்தார்கள். நொய் அம்மா அதற்கு முன்னமே இறந்துவிட்டார், அவருடைய பிள்ளைகள் தங்கள் ஆட்களை மட்டும் எடுத்திருக்கிறார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குப் பிக்குகள் ஓதி, படகில் கொண்டுபோய்ப் பெரிய ஆற்றில் விட்டார்களாம்.

"படம்?" என்று கேட்டேன். கடதாசியில் ஒட்டிய படங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றார். எல்லாம் வெள்ளையாகப் போயிருந்ததாம். நிரோஷன் பீச்சுக்குப் போன வருஷம் சுவர் நின்றதா என்றும் கேட்டேன். நின்றது, அக்கா.

அதன் பிறகு நான் செய்யப் பார்த்ததையும் சொல்கிறேன். புத்தர் மண்டபத்துக்கு முன்னால் ஊதுபத்தி குத்துகிற பெரிய தாழி இருக்கிறது, நிறையச் சாம்பல். அபிக்கென்று லண்டனில் இருந்து கொண்டுபோன பித்தளைச் செம்பு என் பையில் வெறுமையாக இருந்தது. ஒரு பிடி அள்ளிப் போட்டால் யாருக்குத் தெரியும்? அண்ணை நிம்மதியாக இருப்பார், நிரோஷன் அழுது ஆறுவான், கீரிமலையில் எல்லாம் முறையாக நடக்கும். சாம்பலுக்குள் கையை வைத்தேன். அது இளஞ்சூடாக இருந்தது.

வைத்த கையை உதறிவிட்டேன். பொய்ப் பெயர், பொய்ப் பாஸ்போர்ட், கடைசியில் லண்டன் பிளேனில் உங்களுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பொய்ப் புருஷன், எத்தனையைத் தந்தார்கள் உங்களுக்கு! பொய்ப் பிள்ளை ஒன்றையும் நான் தர மாட்டேன்.

லண்டன் திரும்பி, டூட்டிங் வீட்டில் இருவரையும் இருத்தி உள்ளதை உள்ளபடி சொன்னேன். நிரோஷன்தான் முதலில் வெடித்தான். "நான் அங்க நிண்டனான் சித்தி! சும்மா பீச்சில படுத்துக் கிடந்தனான். ஒரு டெக்ஸ்ட் போட்டிருந்தாலும் போய்ப் பாத்திருப்பன்." கதவை அடித்துச் சாத்திவிட்டு மேலே போனான். அவன் உங்களை இன்னும் மன்னிக்கவில்லை, அக்கா. இதையும் மறைக்காமல் சொல்கிறேன். மன்னிப்பானா என்று எனக்குத் தெரியாது.

செல்வமண்ணை எழும்பிப் போய் சாமிப்பட விளக்கின் திரியைத் தூண்டினார். பிறகு, "அந்த ஆறு கடலுக்குப் போகுதோ?" என்றார்.

"ஓம் அண்ணை. கடலுக்குத்தான்."

"அப்ப மலரையும் அங்கயே கொண்டு போவம்."

நீங்கள் வெறுத்த ஊர். திரும்ப மிதிக்க மாட்டேன் என்ற ஊர். கீழே இறங்கி வந்த நிரோஷனும் அதைத்தான் சொன்னான், "அம்மா அந்த இடத்தை ஹேட் பண்ணினவ அப்பா." அண்ணை அவனை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளையை விட்டிட்டு வந்த இடத்தை ஆர் விரும்புவினம்?" என்றார். மூன்று பேருக்கும் அவன்தான் டிக்கெட் போட்டிருக்கிறான்.

அதோடு முடிந்தது என்று நான் வெளிக்கிட்டேன். அண்ணை வாசல் வரை வந்து, நிரோஷனுக்குக் கேட்காத குரலில் கேட்டார். "பவானி, அபி ஆரின்ர சாயல்? மலரிட்ட நான் ஒருநாளும் கேட்கேல்லை. கேட்டா அழுவா எண்டு விட்டிட்டன்."

என் நினைவை மட்டும் நம்பிச் சொல்லப் பயமாக இருந்தது. பிறகு சொல்கிறேன் என்று தப்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் குணமண்ணைக்குப் போன் எடுத்தேன். பாங்கொக்கில் பக்கத்து அறையில் இருந்தவர்தானே, அவருக்கும் ஏதாவது நினைவிருக்கும், இரண்டு பேருமாகச் சேர்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். நூடில்ஸ் கடைக்காரனின் பெயர் இன்றைக்கும் அவருக்கு மனப்பாடம், எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்பதும் பாடம். "மலரக்காவின்ர பிள்ளையோ?" என்று யோசித்தார். "ஓம் ஓம், ஒண்டு இருந்ததுதான். அது ஆம்பிளைப் பிள்ளையெல்லே?"

போனை வைத்துவிட்டேன்.

நீங்கள் இல்லை. நொய் அம்மா இல்லை. படமும் சுவரும் இல்லை. அவளுடைய முகத்தைத் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் இனி நான் ஒருத்திதான், அக்கா. எனக்கும் வயது போகிறது, ஆட்களின் பெயரெல்லாம் இப்போது மாறி மாறி வருகிறது. அதனால் தள்ளிப்போட மாட்டேன். அந்த ஆற்றில் உங்களை விட்ட பிறகு, கரையிலேயே இருவரையும் இருத்தி எல்லாம் சொல்வேன். நெற்றி அண்ணையுடையது. வாய் உங்களுடையது. சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். நிரோஷனுக்கும் அப்படித்தான் விழுகிறது, அவனுக்கு அது யாருடையது என்று இன்னும் தெரியாது. எனக்கு மறக்கும் முன் அதை அவனிடம் கொடுத்துவிடுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
அபியின் சின்னம்மா,
உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி
பவானி
ஈஸ்ட் ஹாம், லண்டன்