வீட்டில் தாத்தா இருக்கிறார்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் குட்டியும் நலம் என்று நேற்று விடியற்காலை வரை நம்பிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கப்பா என்று சிரிப்பாய். போனில் உன்னிடம் என்னத்தைச் சொல்வது? காலையில் பேக்கரியில் ரொட்டி அடுக்குகிற வேலை, சாயங்காலம் பல் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை, நடுவில் ஓடுகிற ஓட்டத்தில் "சரிப்பா, சரிப்பா, பஸ் வந்துடுச்சு" என்பதற்கு மேல் நீ பேசி நாளாயிற்று. அந்தப் பேச்சுக்கும் நம் வாலுக்குட்டி உன் தோளில் தொங்கிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். சொல்ல மாட்டேன் என்றுதான் கொடுத்தேன், எழுத மாட்டேன் என்று கொடுக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் மகன் நாளைக்கு உங்கள் ஊருக்குக் கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

நீ குட்டியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து, வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டு, சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, "பாத்துக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஓடுவாய். உனக்குச் சாயங்காலம், எனக்கு விடியல். பல்கூடத் தேய்க்காமல் நான் டியூட்டியில் உட்காருவேன். பஸ் கண்டக்டராக இருந்தவன், படியில் தொங்குகிறவனையெல்லாம் ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றியவன், ஒரு சின்னப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைக்க மாட்டேனா என்று ஜம்பமாகத்தான் ஒப்புக்கொண்டேன். நேற்று அவள் படத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். யானைக்கு ஏன் பச்சை என்று கேட்டேன், அது சட்டை போட்டிருக்கிறது என்றாள். அப்போது வாசலில் மணி அடித்தது. போகாதே என்றேன், நாற்காலியிலிருந்து குதித்துப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நாற்காலி, அதன் முதுகில் காய்கிற ஒரு காலுறை, பாதி குடித்து வைத்த பால். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நான் கத்தினேன், கண்ணு. என் குரலுக்கு ஒரு காலத்தில் பஸ்ஸே நிற்கும், அங்கே அந்தக் காலுறைகூட ஆடவில்லை. அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்து, "அவளைக் கூப்பிடுங்க, சீக்கிரம் கூப்பிடுங்க" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். உன் நம்பரைத் தேடும்போதுதான் எனக்கு உறைத்தது, உன் போனைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை விட்டால் உன்னைப் பிடிக்க எனக்கு வேறு வழியே இல்லை.

திடீரென்று தொப்பி போட்ட ஒருவன் முகம் போன் முழுக்க வந்தது. என்னை உற்றுப் பார்த்தான். ஏதோ சொல்லிச் சிரித்தான், உங்கள் ஊர்ப் பாஷை, எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. தலையைத் திருப்பி வீட்டைச் சுற்றிப் பார்த்தான். பிறகு போனை மேஜையில் படுக்கப் போட்டுவிட்டான். எனக்கு உன் வீட்டு மேல்கூரையும் ஒரு பல்பும் மட்டும் தெரிந்தன. நடக்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம். சாத்தியது சரி, அவன் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்று யாரிடம் கேட்பது? அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் வாலு முகம் வந்தது. "ஏன் தாத்தா அழறீங்க?" என்றாள்.

மேல் மாடிக்குத் தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவனாம், வீடு மாறி மணியை அழுத்திவிட்டானாம். வீட்ல யாரு இருக்கான்னு கேட்டார், தாத்தா இருக்காங்கன்னு சொன்னேன், நம்பவே இல்ல, அதான் கூட்டிட்டு வந்து காட்டினேன் என்று பெருமையாகச் சொல்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. நாம் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க தாத்தா, அப்புறம் அம்மா வேலைய விட்டுடுவாங்க" என்று என்னிடம் கெஞ்சினாள். அவன் நல்லவனாகவே இருக்கட்டும். ஆனால் அந்த வீட்டில் சாயங்காலம் ஒரு குழந்தையும் ஒரு போனும்தான் என்று இன்றைக்கு ஒருவனுக்குத் தெரியும். நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை, எங்கே மணி அடித்தாலும் தூக்கிவாரிப் போடுகிறது. இன்றைக்கு விடிகாலையும் உட்கார்ந்தேன். யார் வந்தாலும் திறக்கக் கூடாது என்று அவளிடம் நூறு தடவை சொன்னேன், அவள் தலையாட்டிக்கொண்டே யானைக்குக் கால்சட்டை வரைந்தாள்.

வேலையை விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழு வேலை எவனும் தராமல், இரண்டு அரை வேலையை ஒட்டுப்போட்டு நீ தனி ஆளாகக் காலம் தள்ளுவது தெரியாதவனா நான்? ஆனால் அந்தப் பல் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேள். நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில் ஒரு ஓரம் போதும், அவள் பாட்டுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருப்பாள். கேட்டால் வேலை போய்விடும் என்று முன்பு சொன்னாய். எனக்கும் பயம்தான், கேட்காமல் இருந்தால் எது போகும் என்பதுதான் அதைவிடப் பெரிய பயம். ஆஸ்பத்திரி நம்பரை இதைப் படித்த அன்றைக்கே அனுப்பு. பிளீச்சிங் தண்ணீரில் கையுறை இல்லாமல் கை வைக்காதே, விரலெல்லாம் வெடித்திருப்பதை அம்மா போனில் பார்த்துவிட்டாள்.

நீயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. டாக்டரம்மா பதில் சொல்லும்வரை, கிளம்பும்போது போனைக் குட்டியைப் பார்த்து வைக்காதே. வாசல் பக்கம் திருப்பி வை. அவள் முகம் எனக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, கதவு தெரியட்டும்.

இப்படிக்கு,
கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா