என் தப்புக்கு அவனுக்குக் கைதட்டல்

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரித் துணி அறையில் இன்று நானூறு படுக்கை விரிப்பு. எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. எது யாருடையது என்று யாரும் கேட்டு வரமாட்டார்கள். இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற அக்கா காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னக்கா என்றேன். "வெள்ளிக்கிழமைக்காரர் தம்பி. போன வாரத்தை மறுபடி கேக்கறேன். மனுஷன் என்னமா பேசறாரு."

வெள்ளிக்கிழமைக்காரர் என்பது சுருட்டை. ஏழு வருஷம் என்னோடு சேர்ந்து லாண்டரி நடத்தியவன். கடை மூழ்கி மூன்று வருஷமாகிறது. இப்போது வாரத்துக்கு ஒரு நாள், இணையத்தில் சொந்தமாக ஆரம்பித்த சேனலில் ஒரு மணி நேரம் பேசுகிறான். முதலில் அந்த வாரச் செய்தி, பிறகு எங்கேயாவது இழுத்து மூடிய ஒரு கம்பெனியின் கதை, கடைசியில் புதுப் படம். அவ்வளவுதான் சரக்கு. அதற்கு இத்தனை ஜனம்.

அவனை எனக்குத் தெரியும் என்று அக்காவிடம் நான் சொன்னதில்லை.

மார்ச் 6, வியாழன்

அவன் நாளைக்குப் பேசுவதற்குள் என் கருத்தை எழுதிவைக்கிறேன். தேதி போட்டு.

செய்தி: பஸ் எப்போது வரும் என்று காட்ட நிறுத்தந்தோறும் மின்பலகை வைத்திருக்கிறார்கள். பஸ் வராது என்பதை இதுவரை நாமாகவே தெரிந்துகொண்டிருந்தோம். இனிமேல் அதைப் பலகை சொல்லும்.

மூடிய கம்பெனி: பதினோரு செருப்புக்கடைகளை ஒரே நாளில் மூடியவர்கள். காரணம் ஆன்லைன் வியாபாரம் என்று பேப்பரில் புலம்புகிறார்கள். அவர்கள் கடை இருந்த தெருவில் நான் தினம் நடக்கிறவன். சொந்தக் கடைக்கு எதிரிலேயே இன்னொரு சொந்தக் கடையைத் திறந்தார்கள். தன் காலைத் தானே மிதித்துக்கொண்டு விழுந்தார்கள்.

படம்: கதாநாயகன் மூன்று தடவை செத்துப் பிழைக்கிறான். முதல் தடவையோடு நிறுத்தியிருந்தால் நாம் பிழைத்திருப்போம்.

இதைவிட நன்றாக அவன் சொல்லிவிடுவானா? பார்க்கலாம்.

மார்ச் 7, வெள்ளி

செருப்புக்கடை பற்றி நான் எழுதியதையேதான் சொன்னான். வார்த்தைதான் வேறு. நான் ஒரு நாள் முந்தி. ஆனால் யார் சாட்சி? இந்த நோட்டு.

இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

அவன் முகம் போனில் தெரிந்ததுமே என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். "அந்த ஆளு குரலைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது." ஒரு காலத்தில் அவனை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டவள். உள்ளே பாத்திரத்தை டமாலென்று வைத்தாள். ஊரில் ஒருத்தியாவது அவனுக்குக் கைதட்டாமல் இருக்கிறாளே என்று எனக்கு வயிறு குளிர்ந்தது.

மார்ச் 9, ஞாயிறு

அவனுக்கு முடிகூட இன்னும் கொட்டவில்லை.

மார்ச் 14, வெள்ளி

நிகழ்ச்சி முடியும்போது சொன்னான்: "அடுத்த வாரம் எனக்கு ரொம்ப நெருக்கமான ஒரு கம்பெனி. நானே மூழ்கடிச்சது."

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

என்ன சொல்லப்போகிறான்? நடந்ததையா?

நடந்ததை இதுவரை நான் எழுத்தில் வைத்ததே இல்லை. எழுதுகிறேன்.

எங்களுக்கு மூன்று கடை, இரண்டு வண்டி. வீடு வீடாகப் போய்த் துணி எடுத்து, வெளுத்துத் தேய்த்துத் திருப்பிக் கொடுப்போம். ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் நம்பர் எழுதின சின்னத் துண்டை நூலால் தைப்பது வழக்கம். அதற்கே நாலு பேர். நான் ஒரு கண்காட்சியில் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒட்டினால் போதும், இயந்திரமே படித்துவிடும். சுருட்டை சொன்னான், "ஒரு வாரம் ஒரு கடையில மட்டும் போட்டுப் பாப்போம்டா." நான் சொன்னேன், "பாத்துக்கிட்டே இருந்தா கிழவனாயிடுவோம்." மூன்று கடையிலும் ஒரே நாளில் ஒட்டவைத்தேன். தையல் ஆட்களை அன்றைக்கே நிறுத்தினேன்.

டிரையர் சூட்டில் ஸ்டிக்கர் அத்தனையும் சருகுபோல உதிர்ந்தது. இரண்டே நாளில் ஆயிரத்து நூறு துணிகள், எதுவும் யாருடையதென்று தெரியாமல் தரையிலிருந்து ஜன்னல் வரைக்கும். ஜனங்கள் உள்ளே புகுந்து குவியலைக் கிளறினார்கள். ஒரே வெள்ளைச் சட்டையை இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். நாலு மாதத்தில் மூன்று கடையையும் மூடினோம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவி, "எப்படிங்க இப்படி ஆச்சு?" என்றாள். "சுருட்டைதான் ஸ்டிக்கர் ஸ்டிக்கர்னு குதிச்சான். நான் சொன்னேன், கேக்கல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்தது. மறுநாள் சரிசெய்துவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் அவள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அது கேட்க இதமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எந்த வியாபாரத்தைப் பற்றியும் நான் வாய் திறப்பதில்லை. எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்.

மார்ச் 21, வெள்ளி

சொல்லிவிட்டான். ஆனால் அப்படியே தலைகீழாக.

"ஸ்டிக்கரைக் கொண்டுவந்தது நான்தான். ஒரு வாரம் போட்டுப் பாக்கலாம்னு என் கூட்டாளி கெஞ்சினான். நான் அவசரக்குடுக்கை, கேக்கல." இப்படித்தான் சொன்னான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அவன் வாயைத் திறந்ததுமே மனைவி வந்து வாசற்படியில் நின்றுவிட்டாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக முழுக்கக் கேட்டாள். முடிந்ததும், "பரவாயில்ல. இவ்வளவு பேர் முன்னாடி ஒத்துக்கிட்டாரே" என்றாள். என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

நான் தப்பித்தேன். அப்படித்தானே? பெருமூச்சு விட வேண்டியவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ஒரு இடத்தில் அவன் சொன்னான்: "யாரோடதுன்னு தெரியாத சட்டையை என்னிக்காவது தூக்கிப் பாத்திருக்கீங்களா? ஈரமே இருக்காது. ஆனா கனக்கும்." அது நான் சொன்னது. அந்த அறையில், அந்தக் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டு, அவனிடம் நான் சொன்னது.

கடை போனது. பேர் போனது. தோல்வி ஒன்றாவது என்னுடையதாக இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டான்.

மார்ச் 22, சனி

ஆறு லட்சம் பேர். ஒரே நாளில்.

தையல் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே மெஷின் மிதித்தார். "தன் தப்பைத் தானே சொல்றதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும் தம்பி. அந்தக் கூட்டாளி பாவம், நல்லவன் போல. எங்க இருக்கானோ." எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன், கையில் தலையணை உறைகளோடு. அது என் தப்பு, அவன் தப்பில்லை என்று கத்தலாம்போல இருந்தது. உலகத்தில் எவனாவது பழியைக் கேட்டுச் சண்டை போடுவானா? நான் போடுவேன்போல.

மார்ச் 25, செவ்வாய்

வேறு பெயரில் கமெண்ட் போட்டேன். "இது பொய். ஸ்டிக்கர் கொண்டுவந்தவர் இவர் இல்லை. எனக்கு நேரடியாகத் தெரியும்." பத்து நிமிஷத்தில் ஒருவன் பதில் போட்டான்: "அடுத்தவன் நல்லா இருந்தா சிலருக்கு எரியும்." அதை நாற்பது பேர் ஆமோதித்திருந்தார்கள்.

கமெண்டை அழித்தேன். அந்த நாற்பது பேர் சொன்னதும் பொய்யில்லையே.

மார்ச் 28, வெள்ளி

ஏதோ கல்லூரியில் தோல்வியைப் பற்றிப் பேச அவனை அழைத்திருக்கிறார்களாம். இதை எனக்குச் சொன்னது யார்? என் மனைவி. தான் வேலைபார்க்கிற பல் ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவன் பேச்சைத்தான் பேசுகிறார்களாம். "எனக்குத் தெரிஞ்சவர்தான்னு சொன்னேங்க" என்றாள், பெருமையாக. பிறகு, "நீங்களும் அவரும் மறுபடி பேசினா என்ன? அவர் இறங்கி வந்துட்டாரே" என்றாள்.

கத்திவிட்டேன். அவன் யாரு இறங்கி வர்றதுக்கு, எங்கேருந்து இறங்கினான், எல்லாம் நடிப்பு, உனக்கு ஒண்ணும் தெரியாது — இப்படி என்னென்னமோ. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?" என்றாள்.

அவள் ஒன்றுமே தப்பாகச் சொல்லவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். பெரிய இடமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒற்றை அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்கப் பழைய போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறான். கேமராவுக்குத் தெரிகிற ஒரு மூலை மட்டும் பளிச். அதைப் பார்த்து மனசு கொஞ்சம் ஆறியது. இப்படியும் ஒரு புத்தி எனக்கு.

"வாடா" என்றான், நேற்றுத்தான் பார்த்ததுபோல.

உட்காராமலே கேட்டேன். "ஏன்டா பொய் சொன்ன? என் தப்பை எதுக்குடா நீ எடுத்துக்கிட்ட? கைதட்டு கிடைக்கும்னா?"

அவன் நாற்காலியில் இருந்த ஒயரை எல்லாம் எடுத்துக் கீழே வைத்தான். "உன் வீட்டுக்காரங்க எனக்கு ஃபோன் பண்ணினாங்க. கடை மூடின மறுவாரம். உனக்குத் தெரியாதா?"

தெரியாது.

"அரைமணி நேரம் திட்டினாங்க. என் புருஷன் அப்பவே வேணாம்னு சொன்னாரு, நீங்கதான் கேக்கலன்னு. எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம் புரிஞ்சுது. நீ வீட்ல என்ன சொல்லிவச்சிருக்கேன்னு."

"நீ ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா உனக்கு வீடும் இருக்காது. கடை போனது போதாதா?" கீழே வைத்த ஒயரை எடுத்துச் சுருட்டினான். "இப்ப இந்தக் கதையைச் சொல்லணும்னு இருந்துச்சு. சொன்னா உன் வீட்லயும் கேப்பாங்க. அதான் மாத்திச் சொன்னேன். ஆனா ஒண்ணு, கைதட்டு கிடைச்சப்ப எனக்கு நல்லாத்தான் இருந்துது. அது இல்லேன்னு சொல்லமாட்டேன்."

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். இத்தனை நாள் அவன் பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இன்றைக்கு அந்த மனசைப் பார்த்து. இது இன்னும் மோசமாக எரிகிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

சொல்ல வாயெடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லிவிட்டேன். அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கும்வரை தேய்ப்பதை நிறுத்தவில்லை. என் சட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். மடித்து வைத்தாள். ஸ்விட்சை அணைத்தாள்.

"ஸ்டிக்கர் போனா போவுது. யாருக்கும் வர்ற தப்புதான். என்னை ஏங்க அவர்கிட்ட அப்படிப் பேச வச்சீங்க?"

 

ஏப்ரல் 8, செவ்வாய்

"சாவி எங்க?" "மேஜை மேல." இன்றைக்கு எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

ஏப்ரல் 12, சனி

காலையில் புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "அவர் வீட்டுக்குப் போகணும். நீங்களும் வரணும்."

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வழி முழுக்கத் திரும்பவே இல்லை.

அவன் கதவைத் திறந்ததும், "அண்ணா, நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். அவன் பதறிப்போய், "எதும்மா? எனக்கு மறந்தே போச்சு" என்றான். "பொய் சொல்லாதீங்க. ஏற்கெனவே இங்க ஒருத்தர் சொன்னது போதும்." மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிக்க உரிமை இருந்ததா தெரியவில்லை. சிரித்தேன்.

கிளம்பும்போது சுருட்டை, "வேணும்னா நீயே வந்து சரியாச் சொல்லேன், அடுத்த வெள்ளிக்கிழமை" என்றான். பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆறு லட்சம் பேர் என்று மனசு கணக்குப் போட்டது. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

சொன்னேன். அந்த மூலையில், போர்வைகளுக்கு நடுவில். என் பேரைச் சொல்லி, ஸ்டிக்கரைச் சொல்லி, வீட்டில் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

எழுபதாயிரம் பேர். மேலே இருந்த கமெண்ட்: "விருந்தாளி பேசினா தூக்கம் வருது. அண்ணனையே பேசச் சொல்லுங்க."

வலித்தது. ரொம்ப. அந்தக் கனக்கிற சட்டையை நானே என் வாயால் சொன்னேன். அவன் சொன்னபோது இருந்த அழகு வரவில்லை. சொந்த வரிதான், ஆனாலும் அவன் வாயில்தான் அது நிற்கிறது. பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை.

ஏப்ரல் 19, சனி

தையல் அக்கா காலையிலிருந்து மெஷினைவிட்டுத் தலை தூக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்கதானா அது?" ஆமாம் என்றேன். "என்கிட்டகூடச் சொல்லலையே தம்பி." கொஞ்சம் கழித்து, "தூக்கம் வருதுன்னு எழுதினவனுக்கு நான் பதில் போட்டுட்டேன்" என்றார்.

ஏப்ரல் 24, வியாழன்

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் மனைவி பேப்பரை என் பக்கம் தள்ளினாள். வீட்டுச் சாமான் வாடகைக்கு விடுகிற கம்பெனி ஒன்று கடையைக் கட்டிவிட்டது. "இது ஏங்க மூழ்குச்சு? நீங்க என்ன நினைக்கறீங்க?"

மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நான்தான் கேட்க விட்டதில்லை. ஆரம்பித்தேன். ஆட்களுக்குச் சொந்தமாக வாங்கவே ஆசை, வாடகைச் சோபாவில் யாருக்கு மனசு ஒட்டும் என்றேன். "அதெல்லாம் இல்ல" என்றாள். தன்னோடு வேலைபார்க்கிற பெண் வாடகைக் கட்டில் எடுத்த கதையைச் சொன்னாள். ஒரு கால் உடைந்த கட்டிலை மாற்ற ஐந்து வாரம் ஆக்கினார்களாம். ஆசையெல்லாம் இருந்தது, வந்து மாட்டிக்கொடுக்கத்தான் ஆளில்லை என்றாள். நான் மறுத்தேன். அவள் விடவில்லை. இரண்டாவது தடவை டீ போட்டுவிட்டு வந்து மறுபடி ஆரம்பித்தாள்.

இப்போது நோட்டைத் திறந்துவைத்து என் கருத்தை எழுதப் பார்க்கிறேன். அவள் சொன்னதுதான் சரி என்று படுகிறது. அடுப்படியில்தான் இருக்கிறாள். போய்ச் சொல்லிவிடுகிறேன்.