நாளை மதியம் வரை ஒரு சீட்

என்னங்க,

போன்ல பேசினா கத்திடுவேன், அதான் ஈமெயில்ல எழுதறேன். போர் மூண்டு புதன்கிழமை வான்வழியை மூடினதிலிருந்து எங்க டிராவல்ஸ்ல மூச்சு விட நேரமில்லை. ஒருத்தரை வடக்கே சுத்தி அனுப்பறேன், இன்னொருத்தரை மூணு விமானம் மாத்தி அனுப்பறேன். ஒரு பெரியவர், "மூட்டையோட மூட்டையா ஏத்தினாலும் சரிம்மா, வீடு போய்ச் சேரணும்"ங்கறார்.

காலையில பாப்பா, "அப்பா எப்ப வருவாரு?"ன்னு கேட்டா. நீங்க சொன்னதையே சொன்னேன்: வழி அடைச்சிருக்கு.

நம்ம வீட்டு டிக்கெட்டை எப்பவும் கடைசியிலதான் தொடுவேன். இன்னிக்குத் தொட்டேன்.

வழி அடைச்சது புதன்கிழமை. நீங்க ஊருக்கு வர்ற டிக்கெட் ரத்தானது அதுக்கு முந்தின திங்கட்கிழமை. ரத்து பண்ணினவர்ங்கிற இடத்துல உங்க பேர்தான் இருக்கு. இருபது வருஷமா டிக்கெட் போடறவகிட்ட இதைப் போய் மறைக்கலாம்னு நினைச்சீங்களே.

காரணம் கேட்கலை. கேட்டா சொல்லிடுவீங்களோன்னு பயம்.

சுத்து வழியில செவ்வாய்க்கிழமைக்கு ஒரு சீட் பிடிச்சு வெச்சிருக்கேன். ஜன்னலோரம். நாளைக்கு மதியம் வரைதான் நிக்கும். நீங்க சரின்னு சொல்லலைன்னா தானாவே போயிடும். அப்புறம் பாப்பா கேட்டா நான் எதுவும் சொல்ல மாட்டேன். உங்க நம்பரைப் போட்டு போனை அவ கையில குடுத்துடுவேன்.

பாப்பாவோட அம்மா