வகுப்பே சேர்ந்து கேட்ட கேள்வி

என் செல்ல ஆயிஷா,

எந்தச் செய்தியையும் உன்னிடம்தான் முதலில் சொல்வேன். நீ கண்மூடிப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

நாம் இருவரும் தோட்டத்து மண்டபத்தில் தொடங்கிய ஆங்கில வகுப்பு இன்னும் நடக்கிறது. தனியாக முடியாது, மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை மாலையானால் தோட்டத் தொழிலாளர்கள் குளித்துத் தலைவாரி வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எப்படித் திருப்பி அனுப்புவது?

பாடம் நீ வகுத்த முறைதான். ஒருவர் எழுந்து கேள்வி கேட்பார், நான் திருத்துவேன், திருத்தியதை எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்வார்கள். போன மாதம் ஒருநாள் மாணிக்கம் எழுந்தார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர், உனக்குத் தெரியுமே.

“டீச்சர் காட் மேரி ஆல்ரெடி?”

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்கிறார். என் காதில் இலக்கணம் மட்டும்தான் விழுந்தது. “இஸ் தி டீச்சர் மேரீட்?” என்று திருத்தினேன். வகுப்பே முழங்கியது. லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கும். பதிலையும் சொல்லிக்கொடுத்தேன்: “நோ, ஷி இஸின்ட்.” அதையும் முழங்கினார்கள்.

அவர் உட்காரவில்லை. “ஷி டோன்ட் வான்ட், ஆ?”

“ஷி வந்தா டோன்ட் வராது, மிஸ்டர் மாணிக்கம். டஸின்ட் ஷி வான்ட் டு?”

அவளுக்கு விருப்பமில்லையா என்று அத்தனை பேரும் என்னைப் பார்த்துக் கேட்டபோதுதான் உறைத்தது.

“பதிலச் சொல்லிக்குடுங்க டீச்சர்,” என்றார் முன்வரிசை அஞ்சலை. “நாங்க திருப்பிச் சொல்லணும் லா.”

இன்றைக்குப் போதும் என்று வெளியே வந்துவிட்டேன். லோரிப் பக்கத்தில் மாணிக்கம் நின்றார்.

“பாடத்துக்குன்னு கேக்கல டீச்சர்.”

“தமிழிலேயே கேட்டிருக்கலாமே?”

“தமிழ்ல கேக்க வாய் வரல.”

நீ இருந்தபோது, “லாத்தா, ஆம்பள வாயத் தொறக்குறதுக்குள்ள திருத்திடுறீங்க, அப்புறம் எவன் கேப்பான்?” என்பாயே. அக்காவை லாத்தா என்று கூப்பிடும் உன் வீட்டு வழக்கத்தில் எனக்கும் ஒரு தங்கை கிடைத்திருந்தாள். இப்போது யாரைக் கேட்பேன்?

தனிமை எனக்கு வலித்ததில்லை. என் சாவி, என் ரேடியோ, நான் நினைத்த நேரத்துக்குச் சோறு. நாற்பத்து நான்கு வயதில் இதையெல்லாம் பங்கு போட முடியுமா? அந்த வாரம் முழுக்க, முடியாது என்று சொல்லத்தான் வார்த்தை தேடினேன். ஆனால் வியாழக்கிழமையே சனிக்கிழமைச் சேலையை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்துத் தனியாக நின்று சிரித்தேன், ஆயிஷா.

அடுத்த வகுப்பில் மாணிக்கம் தலை தூக்கவே இல்லை. “போன வாரக் கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கு,” என்றேன். “சொல்லுங்க: யெஸ், ஷி டஸ்.”

மண்டபமே கூரை அதிரச் சொன்னது. மாணிக்கம் மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

தை மாதம், கோலசிலாங்கூர் கோயிலில் கல்யாணம். எனக்குத் தாய்வீடு என்று இருப்பது உன் வீடுதான். உன் அம்மா என் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் மணையில் உட்காருவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் லாத்தா,
கமலம்