ஷெட்டில் ஓடுகிற பிளேடு

ஜூன் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரிப் பின்பக்க மைதானத்தில் புல்வெட்டும் வண்டியை ஓட்டிப் பாதி வெட்டியிருந்தேன். பிளேடு நின்றுவிட்டது. என்ஜின் ஓடுகிறது, வண்டி நகர்கிறது, அடியில் சத்தமே இல்லை. பிளேடு குமிழை அமுக்கி அணைத்து, மறுபடி இழுத்தேன். ஒன்றும் இல்லை. ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் என் கொழுந்தன்தான். ஏறி உட்கார்ந்து இழுத்தான். உடனே சுற்றியது.

"எனக்கு ஓடுதே அண்ணி. வண்டிக்கு ஆள் பாக்கத் தெரியுது போல."

தோட்டக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜூன் 4

மறுபடி அதேதான். நானே பார்த்தேன். பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. ஃபியூஸ் போகவில்லை. ஷெட்டில் சுற்றுகிறது, புல்லில் இறங்கினால் நிற்கிறது. அப்படி என்ன வித்தியாசம்?

ஜூன் 5

மூன்று முறை நின்றது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 7, சனி

கண்டுபிடித்துவிட்டானாம். சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் எழுந்தால் பிளேடு தானாக நிற்பதற்காக வைத்தது. அதன் இரண்டு ஒயரையும் முறுக்கி ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றிவிட்டான்.

"உங்க வெயிட் பத்தல அண்ணி. சீட்ல ஆள் இருக்கறதே அதுக்குத் தெரியல."

"அத எடுத்துட்டா கீழ இறங்கினாலும் பிளேடு நிக்காதே, தம்பி. கை காலு போயிடும்."

"நீங்க ஓட்டுங்க. ரிப்பேர நான் பாத்துக்கறேன்."

அந்த ஒயரைப் பிரிக்காமல் ஏறமாட்டேன் என்றேன். மேலாளர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு எனக்கு இலை வாரும் துடைப்பத்தைக் கொடுக்கச் சொன்னார். வேறு டிரைவர் கிடைக்கும்வரை வண்டியை அவனே ஓட்டுவானாம். நான்கு வருஷமாக நான் உட்கார்ந்த சீட்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "அவன் வேலைய அவன் பாக்கட்டும், நீ உன் வேலையப் பாரு" என்றார்.

"என் வேலையத்தான் அவன் பாக்கறான்."

தம்பி என்றதும் இவருக்குக் காது அடைத்துக்கொள்ளும். சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஜூன் 9, திங்கள்

வாரிக்கொண்டே அவனைப் பார்த்தேன். அவனுக்கும் நிற்கிறது! கண்குளிரப் பார்த்தேன். சும்மா பார்த்ததில் விஷயமும் பிடிபட்டது. ஒட்ட வெட்டுவதற்காகச் சீட் பக்கத்து லிவரைத் தாழ்த்தினால், பிளேடுகள் மாட்டிய அடித்தட்டு இறங்குகிறது, பிளேடு நிற்கிறது. லிவரை உயர்த்தினால் சுற்றுகிறது. ஷெட்டில் தட்டு எப்போதும் மேலேதான் இருக்கும். அப்படியானால் கோளாறு சீட்டில் இல்லை. பிளேடைச் சுற்றவைக்கிற கிளட்சுக்குப் போகிற ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. தட்டு இறங்கும்போது இழுபட்டு விலகுகிறது, ஏறும்போது ஒட்டிக்கொள்கிறது.

போய்ச் சொல்லலாம். சொல்லவில்லை. அவனும் எல்லார் முன்னாலும் கொஞ்சம் நிற்கட்டும்.

ஜூன் 10

காலையில் மழைவிட்ட புல். நடு மைதானத்தில் தட்டை இறக்கியதும் பிளேடு நின்றது. அவன் என்ஜினை அணைக்கவில்லை, குமிழையும் அமுக்கவில்லை. ஈரப்புல் அடைத்துக்கொண்டது என்று நினைத்தான் போல, இறங்கி மண்டியிட்டான். வெட்டிய புல்லை வெளியே தள்ளும் வாய்க்குள் இடது கையை விட்டு ஈரப்புல்லைப் பிடுங்கினான். வரவில்லை. தட்டைத் தூக்கினால் வசதி என்று வலது கையை லிவருக்கு நீட்டினான்.

தூக்கினால் சுற்றும். எனக்குத் தெரியும். அங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இருபது அடி தூரம்.

நான் நின்றேன்.

எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு இருக்குமா? அந்த மூச்சில் 'படட்டும்' என்று நினைத்தேன். நினைத்தேன்தான். இங்கே எனக்கு நானே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

பிறகு கத்தினேன். "கைய எடுடா." இத்தனை வருஷத்தில் அவனை 'டா' போட்டதில்லை. வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். லிவர் ஏறிவிட்டிருந்தது, பிளேடு சுற்றியது. கையிலிருந்து கழன்ற கையுறை உள்ளே போய்த் துண்டு துண்டாக வெளியே வந்தது. விரல்கள் ஐந்தும் இருந்தன. நடுவிரல் நகம் மட்டும் பிய்ந்து ரத்தம்.

ஓடிப்போய் என்ஜினை அணைத்தேன். அவன் ஈரப்புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்துக் கிடந்தது.

"நீங்க கத்தினதுலதான் அண்ணி கை லிவர்ல பட்டுச்சு."

ஜூன் 11

மேலாளரைக் கூப்பிட்டு நிறுத்தி, தட்டை இறக்கி ஏற்றிக் காட்டினேன். ஒயரின் மேலுறை முழுசாக இருந்தது, உள்ளே செம்பு அறுந்து கிடந்தது. புது ஒயர் போட்டு, இழுபடாத மாதிரி வளைத்துக் கட்டினேன். சீட் ஒயரில் அவன் சுற்றிய டேப்பைப் பிரித்து, சுவிட்சைப் பழையபடி மாட்டினேன். அவன் கட்டுப்போட்ட விரலோடு ஷெட் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ டக்குனு சரியான எடத்துல கை வைக்கறீங்க. எப்போலேந்து தெரியும்?"

நான் ஸ்பானரைத் துடைத்தேன்.

ஜூன் 12

அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறான். இவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அவன் கைய விடுவான்னு தெரியாது."

"கைய விட்டப்போ?"

எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன்.

ஜூன் 15

வீட்டில் பேச்சு இல்லை. வண்டி நன்றாக ஓடுகிறது.

ஜூன் 24, செவ்வாய்

சீட் திரும்ப எனக்கே என்று மேலாளர் எழுத்தில் கொடுத்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய நாள்.

மத்தியானம் பிளேடைச் சாணை பிடிக்கக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றுவது அவன் வேலை. என்ஜினை அணைத்து, குமிழை அமுக்கி, சாவியை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பேட்டரி ஒயரையும் கழற்றினான். இனி அது வெறும் இரும்பு. அப்படியும் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு குனியாமல் நின்றான்.

"என்ன தம்பி?"

"நீங்க வெளிய நில்லுங்க அண்ணி. நீங்க போனாதான் நான் கைய வைப்பேன்."

மரியாதையாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

வெளியே போய், அவன் முடிக்கும்வரை வெயிலில் நின்றேன்.