அண்ணிக்கு மட்டும் அடித்த ஷாக்

18.12.1986, வியாழன்

குளியலறையில் வெந்நீர் கெய்சரின் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று அண்ணி மூன்று நாட்களாகச் சொல்கிறார். எங்களுக்கு அடிக்காததால் ஒருவரும் நம்பவில்லை.

இன்று காலையும் அலறினார்.

"ஏஞ்சாமி, ஏற்காட்டுக் குளிருக்குப் பயந்துக்கிட்டு கெய்சர் மேல பழி போடறியா?" என்று அப்பா சிரித்தார்.

"இல்லீங்க மாமா, கையெல்லாம் சுருக்குங்குதுங்க." அண்ணியின் கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் அண்ணியின் பாதங்களைக் கவனித்தேன். தரை ஐஸாக இருப்பதால் நாங்கள் ரப்பர் செருப்போடுதான் குளிப்போம். சேலத்திலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்தவர் அண்ணி. மாமனார் வீட்டுக்குள் செருப்புப் போடக் கூச்சப்பட்டு வெறுங்காலோடு போகிறார். ரப்பரில் மின்சாரம் பாயாது என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறேன். அதைச் சொன்னதும் அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

எலக்ட்ரீஷியன் வந்து கெய்சரைத் திறந்தார். "தண்ணியச் சூடாக்குற காயில் கம்பி ஓட்டையாயிருச்சுங்க. எர்த் ஒயரும் கழண்டு கெடக்குது. நல்லவேளைங்க, லேசா அடிச்சதோட போச்சு."

சாயங்காலம் அப்பாவே அடுப்பில் வெந்நீர் காய்ச்சினார். வாளிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி புதுச் செருப்பை வைத்து, "போட்டுக்கிட்டுக் குளி கண்ணு" என்றார். அண்ணி அவர் முன்னாலேயே போட்டுக்கொண்டு போனார். அப்பாடா என்றிருந்தது.

என் செருப்பின் வார் நேற்று ராத்திரி அறுந்துவிட்டது. இன்று காலை அண்ணிக்கு அடுத்து நான்தான் வெறுங்காலோடு குளிக்கப் போக இருந்தேன்.