மூன்று வாரம் வராதவர்

கடித எண்: 1
நாள்: 2-11-2003, ஞாயிற்றுக்கிழமை
நேரம்: காலை மணி 6.35
பொருள்: கோச் உயிருடன் இருப்பதும், தாங்கள் உடனே புறப்பட்டு வரவேண்டியதும்

பெருமதிப்பிற்குரிய ஆபரேட்டர் அவர்களுக்கு,

பெயர் சொல்லாமல் தொழிலை வைத்தே ஒருவரையொருவர் அழைக்கும் நம் கழக வழக்கப்படி, ரெஜிஸ்டர் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மகளும் மருமகனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் டிக்கெட்டும் நலம். கோச் நலமாக இல்லை. அரசு பொது மருத்துவமனையின் ஆண்கள் பிரிவில், பதினான்காம் எண் கட்டிலில், 3-7-2003 முதல் படுத்திருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்து வருகின்றன. மருத்துவர் நாள் குறிக்க மறுத்தார். நான் வற்புறுத்தியபின், பதினைந்தாம் தேதியைத் தாண்டினால் அது அவருடைய உடற்பயிற்சியின் பலன் என்றார். ஆகவே இக்கடிதத்தை முழுவதும் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திராமல், துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டே படித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

கடித எண் ஒன்று என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தாங்கள் சிரிக்கக்கூடும். 9-9-1989 அன்று தொடங்கப்பட்ட நம் மூத்தோர் சதுரங்கக் கழகத்திலிருந்து வெளியே அனுப்பப்படும் முதல் கடிதம் இதுவே. உறையின்மேல் கழகத்தின் பெயரைத் தெளிவாக எழுதியிருக்கிறேன். தங்கள் மகள் கேட்டால், போட்டிக்கு அழைக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். தந்தி கொடுக்கலாம் என்றார் டிக்கெட். தந்தியை வாங்குகிறவர் வாசலிலேயே நின்று உரக்கப் படித்துவிடுவார் என்பதால் நான் சம்மதிக்கவில்லை.

தங்கள் முகவரி எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. ஆகஸ்டு மாதம் தங்கள் கைக்கு ஒரு கடிதம் திரும்பி வந்திருக்கும். கோச்சுக்குத் தாங்கள் எழுதியது. அதன்மேல் 'இப்பெயரில் இங்கு எவரும் இல்லை' என்று பச்சை மையில் எழுதப்பட்டிருந்ததல்லவா? அது என் கையெழுத்து. அக்கடிதத்தை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவர்தான் மறுத்து அனுப்பிவிட்டார் என்று இந்த மூன்று மாதமும் தாங்கள் நினைத்திருந்தால், அந்த நினைப்பை இந்த வரியோடு விட்டுவிட வேண்டுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

28-6-2003 சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் கோச் வந்திருந்தார். தையற்கடை மாடியில் அதே அறை, அதே நான்கு நாற்காலி. நடுவில் பலகையும் காய்களும் வழக்கம்போல் அடுக்கியபடி இருந்தன. பதினான்கு ஆண்டில் நம்மில் எவரும் அவற்றை நகர்த்தக் கற்கவில்லை. அன்று நீச்சலைப் பற்றிப் பேச்சு வந்தது. நடுவர் இல்லாமல் நேர்மையாக நடக்கக்கூடிய விளையாட்டு நீச்சல் ஒன்றுதான், தண்ணீர் யாருக்கும் சிபாரிசு செய்யாது என்றார் கோச். டிக்கெட் உடனே தொலைதூர நகரம் ஒன்றின் கடற்கரையை வர்ணிக்கத் தொடங்கினார். பயண நிறுவனத்தின் கவுண்டரில் முப்பத்தோர் ஆண்டு உட்கார்ந்து ஊரையெல்லாம் அனுப்பிவைத்துவிட்டு, தாம் பேருந்து நிலையத்தைத் தாண்டாத மனிதர் அவர் என்பது தாங்கள் அறிந்ததே. அங்கே எந்தப் பக்கம் அலை அதிகம் என்று கோச் கேட்க, சன்னல் ஓர இருக்கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்றார் டிக்கெட். நெடுநேரம் சிரித்தோம். பிறகு தங்களைப் பற்றிய பேச்சு வந்தது. படம் ஓட்டும் அறையின் துவாரம் வழியாகத் தாங்கள் படத்தைவிடப் பார்வையாளர்களின் பிடரிகளையே அதிகம் பார்த்ததாகவும், அழுகிற பிடரி எது, அழாத பிடரி எது என்று தங்களுக்குத் தெரியும் என்றும் சொல்வீர்களே, அதை டிக்கெட் நினைவுகூர்ந்தார். கோச் அப்போது தாங்கள் உட்காரும் நாற்காலியின் முதுகில் தம் கையை வைத்திருந்தார். தாங்கள் அதில் உட்கார்ந்திருந்த காலத்திலும் அப்படித்தான் வைத்திருப்பார். அதை நான் குறிப்பேட்டில் எழுதியதில்லை.

ஜூலை 5, 12, 19 ஆகிய மூன்று கூட்டங்களுக்கும் அவர் வரவில்லை.

நம் ஏழாம் விதி தங்களுக்கு மறந்திருக்காது. தொடர்ந்து மூன்று வாரம் வராதவரின் பெயரை எவ்வித விசாரணையும் இன்றி நீக்கிவிட வேண்டும். அவரைத் தேடிச் செல்லக்கூடாது. அவர் பெயருக்கு வரும் தபாலைத் திருப்பிவிட வேண்டும். அதை நான் முன்மொழிந்தபோது தாங்கள் ஒருவர்தான் எதிர்த்தீர்கள். "ஆம்பளைங்களையே நேசிச்சு வயசானவங்க நாலு பேரு உக்காந்து பேசறதுக்கு எதுக்குய்யா இத்தனை சட்டம்?" என்றீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு நம்மோடு ஐந்தாவதாக இருந்த வங்கிக்காரரை நாம் நல்லெண்ணத்துடன் வீட்டுக்குச் சென்று விசாரித்ததும், அதன்பின் அவருடைய மைத்துனர்கள் கேட்ட கேள்விகளும், ஒரே வாரத்தில் அம்மனிதர் ஊரைவிட்டே போனதும் எல்லோர் மனத்திலும் இருந்தன. மூன்றுக்கு ஒன்று என்று விதி நிறைவேறியது. வராதவர் வீட்டில் அகப்பட்டுக்கொண்டார் என்றே கொள்ள வேண்டும், நாம் தேடிப் போனால் அவருக்குத்தான் கேடு என்பது என் வாதம். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தும் ஒருவர் வராமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. நால்வரும் ஐம்பதுகளில் இருந்தபோது எழுதிய விதி அது.

19-7-2003 மாலை 4.30 மணிக்கு அவர் பெயரின்மேல் கோடிட்டேன். பக்கத்து மருத்துவமனையிலாவது கேட்டுப் பார்க்கலாமே என்று டிக்கெட் தயங்கித் தயங்கிச் சொன்னார். எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது என்று நான் திருப்பிக் கேட்டேன். கோச்சின் பெயரும் வீடும் தெரிந்த ஒரே ஆள் தாங்கள். தாங்களோ 14-3-1999 அன்று ரயிலேறிப் போய்விட்டீர்கள். கூடை நாற்காலி பின்னுகிறவர்கூடத் தம் வாடிக்கையாளரின் பெயரை அறிந்திருக்கிறார். நாங்கள் பதினான்கு ஆண்டு ஒன்றாகச் சிரித்த மனிதரைத் தேட ஒரு பெயரின்றி நின்றோம்.

5-8-2003 செவ்வாய்க்கிழமை, குறிப்பேட்டைச் சரிபார்க்க நான் அறைக்குப் போயிருந்தபோது, தையற்காரர் மாடியேறி வந்து தங்கள் கடிதத்தைக் கொடுத்தார். பெறுநர் இடத்தில் 'கோச், மூத்தோர் சதுரங்கக் கழகம்' என்றும், அனுப்புநர் இடத்தில் தங்கள் பெயரும் முகவரியும் இருந்தன. தங்கள் பெயரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதை இக்கடிதத்துக்குள் எழுதாமல் இருப்பது மரியாதைக் குறைவினால் அன்று. தாங்கள் அதைக் கொடுத்தது கோச்சுக்கு, எனக்கல்ல. திருப்பி அனுப்பும் தபாலின் விவரத்தைப் பதிந்துகொள்ளும் வழக்கப்படி முகவரியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மறுநாள் காலை அஞ்சலகத்தில் சேர்த்தேன். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு ஆண்டு வேலை பார்த்தவன் நான். உயிரோடு இருக்கும் ஒருவரை இல்லை என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. ஓய்வுபெற்றபின் எழுதினேன்.

21-10-2003 அன்று டிக்கெட் கண் பரிசோதனைக்காக அந்த மருத்துவமனைக்குப் போனார். வழி தவறி ஆண்கள் பிரிவின் தாழ்வாரத்தில் நடந்தபோது, உள்ளே ஒரு குரல், எதிர்க்கட்டிலில் இருந்தவரிடம், கால்பந்தில் நடுவராக இருப்பவர்களுக்கு முதலில் கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று சண்டையிட்டுக்கொண்டிருந்தது. டிக்கெட் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அன்றே என்னையும் அழைத்துப்போனார்.

ஆபரேட்டர் அவர்களே, தாங்கள் வருமுன் அறிந்திருப்பது நல்லது: ஆள் பாதியாகிவிட்டார். தோள் மட்டும் பழைய தோள். படுக்கைப் புண் இருக்கிறது. அவருடைய அண்ணன் மகன் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்திட்டான், மாதம் ஒருமுறை வந்து பழங்கள் வைத்துவிட்டுப் போகிறான், குறை சொல்வதற்கில்லை. ஜூலையிலேயே கோச் செவிலியரிடம், சதுரங்கக் கழகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணும் அக்கறையோடு மாவட்டச் சதுரங்கச் சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். அப்படி ஒரு கழகத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்று அவர்கள் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

என்னைக் கண்டதும் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். உட்காரச் சொன்னார். பிறகு, "பத்தொன்பதாம் தேதி நாலரை மணிக்கு நீங்க பேனாவைத் திறந்திருப்பீங்கன்னு இங்க படுத்துக்கிட்டே நினைச்சேன் சார். சரியா?" என்றார். சரி என்றேன். "கோடு நேரா விழுந்துச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கள் கடிதத்தைப் பற்றி அன்று நான் வாய் திறக்கவில்லை. அடுத்த பத்து நாளும் திறக்கவில்லை. கடிதம் ஏதும் வந்ததா என்று அவர் கேட்கவுமில்லை. எழுதினால் இருவருக்குமே மனம் தாங்காது, ஆகவே எழுதிக்கொள்ள வேண்டாம் என்று ரயிலடியில் தாங்கள் சொன்னதை, அவர் விதியைப் போலவே மதித்து வைத்திருக்கிறார். இந்தத் தாமதம் என் இரண்டாவது குற்றம். முதலாவதற்காவது விதி என்ற சாக்கு உண்டு, இதற்கு எதுவுமில்லை. நேற்று, 1-11-2003 சனிக்கிழமை, கூட்டத்தை அவருடைய கட்டிலருகே வைத்துக்கொண்டோம். டிக்கெட் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது சொல்லிவிட்டேன்.

கூரையைப் பார்த்தபடியே கேட்டார்: "கவர் கனமா இருந்துச்சா, லேசா இருந்துச்சா?"

ஒட்டியிருந்த தபால்தலைகளின் மதிப்பு என் குறிப்பேட்டில் இருந்ததால் கணக்கிட்டு, மூன்று தாளுக்குக் குறையாது என்றேன்.

"மூணு தாளா. சினிமா கதையே மூணு வரியில சொல்றவன்" என்றார். அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிற பிடரி எது என்று தங்களைப்போல் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனாலும் எழுந்து போய்ச் சன்னலருகே நின்றுகொண்டேன்.

அந்த மூன்று தாளில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அவற்றை இன்னும் கிழிக்காமல் வைத்திருந்தால் எடுத்து வாருங்கள். கிழித்திருந்தால் அவர் காதருகே சொல்லுங்கள். வலது காது கொஞ்சம் நன்றாகக் கேட்கிறது. காலையில் பத்து முதல் பன்னிரண்டு வரை தெளிவாக இருக்கிறார். மாலையில் சில சமயம் நீச்சல் குளத்தின் ஓரத்தில் நிற்பதாக நினைத்து, பையன்களை மூச்சைப் பிடிக்கச் சொல்கிறார்.

ஒரு நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். பிரிவின் வாசலில் வருகைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். நான் 'கழகச் செயலாளர்' என்று எழுதினேன். டிக்கெட் கூசாமல் 'தம்பி' என்று எழுதினார்; அவருக்கு மூன்று வயது அதிகம். தாங்கள் என்ன எழுதவேண்டும் என்று நேற்றுப் புறப்படும்போது கோச்சிடம் கேட்டேன். தாங்கள் சங்கடப்படக்கூடாதே என்றுதான் கேட்டேன்.

"அதை அவன் எழுதட்டும் சார்" என்றார்.

இக்கடிதம் நாளை, 3-11-2003 காலை, பதிவுத் தபாலில் புறப்படும். ஏழாம் தேதிக்குள் தங்கள் கையில் கிடைக்கும். டிக்கெட் நேற்று மாலையே என்னிடம் தங்கள் பெயரை மட்டும் கேட்டு வாங்கி, தம் பழைய அலுவலகத்துக்குப் போய், ஒன்பதாம் தேதி மாலை வண்டியில் தங்கள் பெயருக்கு இடம் பதிந்துவிட்டார். கீழ்ப் படுக்கை, சன்னல் ஓரம். பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை 5.50 மணிக்கு வண்டி வந்து சேரும். நானும் அவரும் ஐந்து மணிக்கே நடைமேடையில் நிற்போம். தங்களுடைய இருதய அறுவைச் சிகிச்சையையும் மாத்திரைகளையும் நான் மறந்துவிடவில்லை. மகளிடம் என்ன காரணம் சொல்வது என்று தங்களுக்குத்தான் தெரியும். உண்மையையே சொல்லிவிட்டு வரமுடிந்தால் அதைப்போல் நல்லது வேறில்லை. இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பது வேறு விஷயம்.

ஏழாம் விதி நேற்றைய கூட்டத்தில் நீக்கப்பட்டது. மூவரும் கையுயர்த்தினோம். கோச் கையை முழங்கைவரை மட்டுமே தூக்க முடிந்தது; செல்லும் என்று பதிந்துகொண்டேன்.

என்னை மன்னிக்கும்படி இக்கடிதத்தில் கேட்கவில்லை. அதை நேரில் கேட்கிறேன். அதற்காகவேனும் வாருங்கள். இதய பலமும், வழித்துணையும், நிம்மதியான பயணமும் தங்களுக்கு அமையட்டும். வண்டி ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வந்து சேரட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ரெஜிஸ்டர்

இணைப்பு:

1. ரயில் பயணச்சீட்டு ஒன்று, 9-11-2003 மாலைக்குரியது.

2. கழகக் குறிப்பேட்டின் 19-7-2003, 6-8-2003 நாளிட்ட பக்கங்கள், அசல். நகல் எடுத்துக்கொள்ளவில்லை. தாங்கள் விரும்பியபடி செய்யலாம்.

3. ரயில் நிலையத்திலிருந்து பதினான்காம் எண் கட்டில் வரை டிக்கெட் வரைந்த வழிப்படம். நாங்கள் இருவரும் வருவோம் என்பதால் தேவைப்படாது, கேட்காமல் வரைந்துவிட்டார்.

4. என் பெயர், தகப்பனார் பெயர், வயது, வீட்டு முகவரி, அடுத்த வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவை எழுதிய தாள் ஒன்று. கோச்சுக்கும் டிக்கெட்டுக்கும் நேற்றே கொடுத்துவிட்டேன்.